கல்யாணத்துக்குக் காரைக்குடி வருகிறவர்களுக்கு இரண்டு நாளில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருந்து அலுவலக நண்பரின் கல்யாணத்துக்குக் காரைக்குடி வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை காலை கல்யாணம். புதனும் வியாழனும் கையில் இருக்கின்றன. கூட 68 வயது அம்மா, முழங்கால் வலி. 10 வயதுப் பையன். விசாரித்தவர்கள் எல்லாம் “பிள்ளையார்பட்டி போங்க, ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசல்ல ஒரு போட்டோ எடுங்க, அவ்வளவுதான். மிச்ச நேரத்துக்கு ராமேஸ்வரம் போயிடுங்க” என்றிருக்கிறார்கள். என்ன பார்க்கலாம் என்று எழுதியிருந்தாலும், இந்த ஊருக்கு இரண்டு நாள் கொடுப்பது வீணா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீண் இல்லை. ஆனால் காரில் ஏறி இறங்கிப் பத்து இடத்தைத் தொட்டுவிட்டு வருவதாக இருந்தால் வீண்தான். நான் சிவில் இன்ஜினியர். 22 வருடமாக இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மராமத்து வேலை: ஒழுகும் ஓடு, செல்லரித்த உத்திரம், பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சு. வருகிற நண்பர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். வரலாறு நான் படித்த படிப்பில்லை. சுவரும் மரமும் சொல்வதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மற்றதைக் கேள்விப்பட்டது என்று சொல்லியே எழுதுகிறேன்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்த்தால் செல்போன் கடை, பேக்கரி, ஆட்டோ. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டும் இதே முகம்தான். இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் ராமேஸ்வரம் போய்விடுகிறார்கள். காரைக்குடி இருக்கும் செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை, நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்க் கூட்டம். ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள், இப்போது எழுபத்துச் சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் சிதறிக் கிடக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததும் தனித்தனி வீடுகள் இல்லை, இந்த ஊர்க் கொத்துகள்தான். நீங்களும் அப்படியே பாருங்கள். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு காலையில் நடங்கள்.

அந்த ஊர் கானாடுகாத்தானாக இருக்கட்டும். காரைக்குடியில் இருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர், திருச்சி சாலையை ஒட்டி. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையிலேயே ‘செட்டிநாடு’ என்று எழுதியிருக்கும். பையனை அதன் கீழ் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம். காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் செம்மண் தரையில் இருந்து வெக்கை எழும்பும், அம்மாவால் நடக்க முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை, 1912-ல் கட்டியது, இங்கேதான் இருக்கிறது. வெளியில் இருந்துதான் பார்க்கலாம், உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதற்காக மனம் சுருங்க வேண்டாம். அரண்மனையை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருக்களுக்குள் நுழையுங்கள்.

தெருவில் நடக்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, வீட்டின் நீளம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எல்லாக் கதவும் திறந்திருந்தால் முன்வாசலில் நிற்கிறவருக்குப் பின் தெருவில் போகிற ஆடு தெரியும். வாசல்களை ஒரே கோட்டில் வைத்திருப்பார்கள். இரண்டாவது, முகப்பின் உச்சி. நடுவில் கஜலட்சுமி இருப்பாள். இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், சில வீட்டில் விக்டோரியா ராணி. அதற்குப் பக்கத்திலேயே வளைவும் நேர்க்கோடுமாக, பழைய சினிமாத் தியேட்டர் மாதிரி ஒரு முகப்பு நின்றால் அது பெரும்பாலும் 1930களை ஒட்டியது. மூன்றாவது, வாசலுக்கு மேல் இருக்கும் இனிஷியல்கள். நமக்கெல்லாம் ஒன்று அல்லது இரண்டு; நகரத்தாருக்கு நாலைந்து வரிசையாக வரும். அதற்கு விலாசம் என்று பெயர். பர்மாவில் கடை வைத்தவருக்கு அதுதான் கம்பெனிப் பெயர். வீட்டில் இருக்கும் குத்துவிளக்கு, அண்டா, கரண்டி வரை அதே எழுத்தைப் பொறித்திருப்பார்கள். பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எத்தனை விலாசம் கண்டுபிடிக்கிறான் என்று விட்டுப் பாருங்கள்.

உள்ளே போய்ப் பார்க்க, கானாடுகாத்தானிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடு உண்டு. ஆத்தங்குடியில் பெரிய வீடு என்றும் லட்சுமி வீடு என்றும் சொல்கிற வீடு இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும். எல்லாரும் தலையைத் தூக்கிக் கூரையையும் சரவிளக்கையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனதும் முற்றத்து ஓரம் உட்காருங்கள். அம்மாவுக்கும் கால் ஆறும். திறந்த முற்றம், சுற்றிலும் தூண், தூணுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டில் இருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழும். வைத்திருக்கும் அண்டா நிறைந்தது போக மீதி வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். வறண்ட பூமியில் இவ்வளவு பெரிய வீடு கட்டியவர்கள் தண்ணீரை எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இனி அந்த அறைக் கதவுகளைப் பாருங்கள். ஒரு வீட்டில் கூரை வேலைக்காக ஒரு மாதம் போய்வந்தேன். வளவைச் சுற்றி எட்டு அறை, எட்டுப் பூட்டு. ஒன்று பித்தளைப் பூட்டு, கையளவு கனம்; ஒன்று துரு ஏறி நூல் சுற்றியது; ஒன்று போன வருடம் வாங்கிய நம்பர் பூட்டு. நகரத்தாரில் ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. ஊர்க் கணக்கு, கோயில் வரி எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். புள்ளிக்கு ஒரு அறை. அறைக்குள் கல்யாணச் சீர், பாத்திரம், பெட்டி. கூடமும் முற்றமும் எல்லாருக்கும் பொது. இப்போது அந்த எட்டுப் புள்ளியும் பேரன் பேத்தி எடுத்துச் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிரிந்துவிட்டார்கள். கூரை ஒழுகினால் எட்டுப் பேரிடமும் பங்கு வசூலிக்க வேண்டும், விற்க வேண்டும் என்றாலும் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வீடுகள் இன்னும் நிற்பதற்கும் அதுதான் காரணம், பராமரிப்பு இல்லாமல் சரிவதற்கும் அதுதான் காரணம் என்பது என் அனுபவம். பங்காளிகள் ஒத்துப்போய்க் கொடுத்துவிட்ட இடத்தில் வீடு தூண் தூணாகப் பிரிந்து லாரி ஏறியதையும் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டிகள் சொல்கிற கதைகளில் எது நிஜம் என்றும் கேட்டிருந்தீர்கள். பர்மாத் தேக்கு நிஜம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்து பர்மாவில் வட்டித் தொழில் செய்தவர்கள் இவர்கள், மரம் அங்கிருந்து வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு பணமும் மரமும் நின்றன. பிறகு இந்த அளவில் வீடு எழும்பவில்லை. முட்டை வெள்ளைக்கரு பாதி நிஜம். சுவர் முழுவதையும் முட்டையால் கட்டியதாகச் சொல்வது அளப்பு. சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசி, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கடைசி மெல்லிய பூச்சில்தான் வெள்ளைக்கரு வரும். அப்புறம் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். கையை வைத்தால் பளிங்கு மாதிரிச் சில்லென்று இருக்கும், அம்மாவைக் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி எல்லாம் பெல்ஜியம், பளிங்கு எல்லாம் இத்தாலி என்பதை அப்படியே நம்பாதீர்கள். நிறைய வந்திருக்கிறது, ஆனால் எல்லாம் இல்லை. சுவரில் பதித்த பூ ஓடுகளில் பல ஜப்பானில் இருந்து வந்தவை. பெயர்த்த ஓட்டின் முதுகிலேயே ஊர் பெயர் அச்சாகியிருக்கும். இரும்பு உத்திரத்தில் இங்கிலாந்துக் கம்பெனிப் பெயரை நானே படித்திருக்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால் இங்கே குடிவந்தார்கள், அந்தப் பயத்தில்தான் வீட்டை மேட்டில் கட்டினார்கள் என்பது அவர்களே வழிவழியாகச் சொல்லும் கதை. முதல் பாதியை வரலாறு படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். மேட்டுக்குப் பயம்தான் காரணம் என்பதற்கு எந்தச் சுவரிலும் எனக்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆத்தங்குடிக்கு எப்படியும் போங்கள், வீட்டுக்காக இல்லாவிட்டாலும் டைல்ஸ் பட்டறைக்காக. பையன் இரண்டு நாளில் மறக்காமல் வைத்திருக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும். சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்துத் தரையில் வைப்பார்கள். மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்டில் கரைத்த சாயத்தைச் சின்னக் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றி, அச்சை நேர் மேலாக ஒரே தூக்கு. கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். அப்புறம் மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது, சுடுவதே இல்லை. இறுகியதும் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு எடுத்து, கண்ணாடியைக் கழற்றினால் அந்தக் கண்ணாடியின் பளபளப்பை ஓடு வாங்கிக்கொண்டிருக்கும். பாலிஷ் என்று தனியாக ஒன்றும் இல்லை. நடக்க நடக்க மெருகு ஏறும், அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். உங்களுக்கு வீட்டில் போட ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை: எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் படக் கூடாது. பட்டால் வெளுத்த தழும்பு விழும், போகாது. வேலை ஓடும் நேரம் காலைதான். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் பெரும்பாலும் காலிப் பட்டறையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் புதன், வியாழன் என்பதால் கவலை இல்லை.

வீடுகள் விஷயத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு “நமக்குத் தெரிஞ்ச வீடுதான், எப்பவும் திறந்திருக்கும்” என்று வாக்குக் கொடுத்து ஒரு ஊருக்குக் கூட்டிப்போனேன். பங்காளி வீட்டில் கேதம். பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவரும் அங்கே போய்விட்டார். வெயிலில் திண்ணையில் ஒரு மணி நேரம். அன்றிலிருந்து முந்தின நாள் போன் செய்யாமல் யாரையும் கூட்டிப்போவதில்லை. கட்டண வீடுகளிலும் விசேஷம், படப்பிடிப்பு என்று திடீரென மூடுவார்கள். தங்கும் இடத்தில் சொல்லி முதல் நாளே கேட்டுவிடுங்கள். பூட்டாத தனியார் வீட்டு வாசலில் வயதான ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு, “ஆச்சி, உள்ள வந்து பாக்கலாமா?” என்று உங்கள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். அம்மா கேட்டால் கதவு திறக்கும், நீங்கள் கேட்டால் சந்தேகம்தான். திறந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பூஜை அறையைப் படம் எடுக்காதீர்கள்.

ஆயிரம் ஜன்னல் வீடு காரைக்குடிக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் ஒரு படம் எடுக்கலாம், அதற்கு மேல் என்னைக் கேட்டால் ஒன்றும் இல்லை. நகரத்துக்குள் எனக்குப் பிடித்தது கம்பன் மணிமண்டபம். சா. கணேசன் 1939-ல் இங்கே கம்பன் கழகம் தொடங்கினார். மணிமண்டப வளாகத்திலேயே தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில், வை. கணபதி ஸ்தபதி கைவேலை. மொழிக்குக் கோயில் என்பதைப் பையனுக்கு எப்படி விளக்குவீர்கள் என்று எனக்கு ஆவல். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனுக்கும் ஒரு மணிமண்டபம் ஊருக்குள் இருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய பாரதியார் படங்களில், 1919-ல் இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது காரைக்குடியில் எடுத்ததும் உண்டு. கல்லூரிச் சாலைப் பக்கம் போனால் அழகப்பச் செட்டியார் பெயர் இல்லாத கட்டடமே இல்லை என்று தோன்றும். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தச் செம்மண் காட்டுக்கு வந்தது. நேரு 1948-ல் அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். உள்ளே சுற்றிப் பார்க்கும் இடம் இல்லை, காரில் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். பிரித்த வீடுகளின் கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் கேரியர், மங்கிய சாமி படம், எல்லாம் தெருவரை வழியும். பழசு என்று சொல்வதெல்லாம் பழசில்லை. புதுப் பித்தளையைக் கறுக்க வைப்பது இங்கே சகஜம். விலாசம் பொறித்த பாத்திரம் என்றால் எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். பல வருடம் தேய்த்துக் கழுவியதில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். கூராக நகத்தில் பிடித்தால் போன வாரம் பொறித்தது. அம்மாவுக்குப் புடவை வேண்டுமானால் கண்டாங்கி இருக்கிறது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கட்டம் போட்ட பருத்திப் புடவை, முதல் துவைப்பில் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

கோயில்களில் பிள்ளையார்பட்டி தப்பில்லை. குடைவரைக்குள் பாறையிலேயே செதுக்கிய பிள்ளையார், இரண்டே கை, வலப்பக்கம் திரும்பிய துதிக்கை. படியேற வேண்டியதில்லை, அம்மாவுக்குச் சரி. பகலில் நடை சாத்துவார்கள், காலையிலேயே போங்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுதல் இருந்தால் செய்யலாம். சிற்பத்துக்காக என்றால் வைரவன்பட்டி ஒன்று போதும். திருமயம் கோட்டை பையனுக்கானது. 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது. உச்சியில் பீரங்கி, நடுவழியில் ஏணி வைத்து ஏறும் குகைக் கோயில். அம்மா கீழே மலையடியில் இருக்கும் பெருமாள் கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் இருவரும் ஏறி வாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வருவதாக இருந்தால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமும் உண்டு. பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி அங்கேதான் இருக்கிறது.

ராமேஸ்வரம் இந்த முறை வேண்டாம். போக வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும், மறுநாள் விடியற்காலை கல்யாணம் வைத்துக்கொண்டு அம்மாவை அலைக்கழிக்காதீர்கள்.

சாப்பாடு: செட்டிநாடு என்று போர்டு போட்டு மிளகும் எண்ணெயுமாகக் கொடுப்பதை நீங்கள் கோயம்புத்தூரிலேயே சாப்பிட்டிருப்பீர்கள். இங்கே வீட்டுச் சமையல் அவ்வளவு காரம் இல்லை. மதியம் இலை போடும் மெஸ் எதிலாவது உட்காருங்கள். சாயங்காலம் வெள்ளைப் பணியாரம் காரச் சட்னியோடு, கந்தரப்பம், கிடைத்தால் கவுனி அரிசி. கறுப்பாக இருக்கிறதே என்று பையன் முகம் சுளிப்பான். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டதும் கிண்ணம் காலியாகும். அதுவும் பர்மா போனவர்களோடு வந்த பழக்கம் என்பார்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நண்பர் நகரத்தாரா? அப்படியானால் அழைப்பிதழை எடுத்துக் கல்யாணம் எங்கே என்று பாருங்கள். மண்டபம் என்றால் மேலே சொன்னபடி போங்கள். ‘எங்கள் இல்லத்தில்’ என்று இருந்தால் வியாழக்கிழமைத் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறைகள் அன்றைக்குத்தான் திறக்கும். அண்டாக்கள் வெளியே வரும், வளவில் வேவு என்கிற சீர்ப் பொருள்களை இறக்கிப் பரப்புவார்கள், இரண்டாங்கட்டில் பணியாரச் சட்டி ஏறும், முகப்பில் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, கூட்டம் முற்றத்தை மறைக்கும். தூணோரம் இடம் பிடித்து அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். பெண்ணின் கழுத்துருவை, அதாவது நகரத்தாரின் தங்கத் தாலியை, அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.